அழுத்தத்தைக் கூட்டுவதற்கு முன்: வெட்டும் இயந்திரத்தில் கிறிஸ்துமஸ் தொங்கல் செய்வோருக்கான பிழை நீக்கும் வழிமுறை

பெங்களூரு சிவாஜிநகரில் ரஸ்ஸல் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள கடைகளில் நட்சத்திர விளக்குகள் தொங்கத் தொடங்கும் நாட்களில், லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை சாப்பாட்டுக்கு உதவாமல் போய்விடும். ஒரு முனையில், கணினியில் வரைந்த வடிவத்தைச் சிறு கத்தியால் வெட்டித் தரும் வெட்டும் இயந்திரம்; மறுமுனையில் பசை மேட்டுகள், அதாவது தாளை ஒட்டி இயந்திரத்துக்குள் செலுத்தும் பசைப் பூச்சுள்ள விரிப்புகள்; நடுவில் கார்டு தாளும், பின்புறம் பசையுள்ள பிளாஸ்டிக் தாளான வைனிலும். குடிலுக்கும் மரத்துக்கும் வேண்டிய தொங்கல்களைச் சில ஆண்டுகளாக நானே வெட்டி, பங்கு மக்கள் நடத்தும் சிறு விற்பனைக்கும் கொடுத்து வருகிறேன். இந்த நாட்களில் நான் செய்த பிழைகளையும், அக்கம்பக்கத்துப் பெண்கள் கையில் கிழிந்த தாளோடு வந்து காட்டிய பிழைகளையும், கண்ணுக்குத் தெரியும் அறிகுறியை வைத்துப் பிரித்து இங்கே எழுதுகிறேன்.

அறிகுறி எதுவானாலும் சோதிக்கும் வரிசை ஒன்றுதான். முதலில் தாள் மேட்டில் முழுதாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து பிளேடும் அது உட்காரும் கூடும் சுத்தமாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அதன்பின் மென்பொருளில் தேர்ந்தெடுத்த பொருள் வகை கையில் உள்ள தாளுக்குப் பொருந்துகிறதா என்றும், பிறகு வடிவத்திலேயே குறை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இவையெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை என்றால் மட்டுமே அழுத்தத்தில் கை வைக்கலாம். பெரும்பாலோர் இந்த வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றுகிறார்கள். நானும் முதல் ஆண்டில் அப்படித்தான் செய்தேன். தாள் வெட்டுப்படவில்லை என்று அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனதில், புது மேட்டின் நடுவில் ஐந்து முனை நட்சத்திரம் ஒன்று ஆழமாகப் பதிந்துவிட்டது. அதன்பின் அந்தப் பள்ளத்தின்மேல் எந்தத் தாளை ஒட்டினாலும், அடியில் தாங்கல் இல்லாததால் அதே இடத்தில் கிழிந்தது. அழுத்தம் ஒரு பிழையை மறைத்துவிட்டு இரண்டு பிழைகளைத் தந்துவிட்டுப் போகும் என்பதை அந்த மேட்டைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றிய பின் தாளின் ஓரத்தில் 2 செ.மீ. சதுரம் ஒன்றையும் அதற்குள் ஒரு சிறு வட்டத்தையும் வெட்டிப் பாருங்கள். சதுரத்தின் மூலைகள் பிளேடு சரியாகத் திரும்புகிறதா என்பதைச் சொல்லும். வட்டம் தொடங்கிய இடத்திலேயே முடிகிறதா என்பது தாள் நகர்ந்ததா என்பதைச் சொல்லும்.

தாள் முழுதாக வெட்டுப்படாமல் ஆங்காங்கே ஒட்டி நிற்கிறது

எங்கே ஒட்டி நிற்கிறது என்பதைக் கவனித்தால் பாதி விடை கிடைத்துவிடும். எந்த வடிவத்தை வெட்டினாலும் மேட்டின் ஒரே மூலையில் மட்டும் வெட்டு விடுபட்டால், குறை மேட்டில்தான்: அங்கே பள்ளம் விழுந்திருக்கலாம், அல்லது பசை தேய்ந்திருக்கலாம். வடிவம் முழுவதும் ஒரே சீராக அரைகுறையாக வெட்டுப்பட்டிருந்தால், பிளேடு அல்லது பொருள் வகைத் தேர்வைச் சந்தேகிக்க வேண்டும்.

பிளேடைக் கூட்டோடு கழற்றி, பின்புறத்துக் குமிழை அழுத்தினால் கத்தி முனை வெளியே வரும். அதில் தாள் நார் சுற்றியிருந்தால் மென்மையான துணியால் எடுத்துவிட்டு, அலுமினியத் தாளை உருண்டையாகச் சுருட்டி அதில் முனையை இருபது முப்பது முறை குத்தி எடுங்கள். இப்படிச் செய்வது கத்தியைத் தீட்டும் என்று பலர் நம்புகிறார்கள். அது தீட்டாது, ஒட்டிய பிசினையும் நாரையும் மட்டுமே நீக்கும். அவ்வாறு நீக்கிய பின்னும் சோதனைச் சதுரம் சரியாக வரவில்லை என்றால் பிளேடு மழுங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

பொருள் வகைத் தேர்வில் நம்மூர்த் தாளுக்கு ஒரு சிக்கல் உண்டு. மென்பொருளில் உள்ள பட்டியல் பெரும்பாலும் இயந்திரம் செய்யும் நிறுவனங்கள் தாமே விற்கும் தாள்களை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது. அவென்யூ ரோட்டில் நாம் வாங்கும் 300 ஜிஎஸ்எம் தாள் அந்தப் பட்டியலில் உள்ள 300 ஜிஎஸ்எம் தாளைப் போல இருக்க வேண்டியதில்லை, ஏனெனில் ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டரின் எடையே தவிரத் தடிமன் அன்று. பளபளப்பான ஆர்ட் கார்டு அடர்த்தியாகவும் மெல்லியதாகவும் இருக்கும். அதே எடையுள்ள பூச்சில்லாத தாள் உப்பலாகவும் தடிப்பாகவும் இருக்கும். ஆகவே வாங்கும் ஒவ்வொரு வகைத் தாளுக்கும் உங்கள் சொந்தப் பெயரில் ஓர் அமைப்பைச் சேமித்து வைப்பது நல்லது. என் பட்டியலில் ‘வாசல் கடை வெள்ளை’, ‘உப்பல் சிவப்பு’ என்றெல்லாம் பெயர்கள் இருக்கின்றன. பிறருக்குப் புரியாது, எனக்குப் புரியும்.

அழுத்தம் கூட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தாலும், ஒரே முறை ஆழமாக வெட்டுவதைவிட மிதமான அழுத்தத்தில் இரண்டு முறை வெட்டுவது சுத்தமான விளிம்பைத் தரும். வெட்டி முடிந்ததும் மேட்டை வெளியே எடுத்துவிடாமல், உள்ளே இருக்கும்போதே, வெட்டிய துணுக்குகளை எடுக்கும் கொக்கியால் ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். வெட்டு போதவில்லை என்றால் மேட்டை அசைக்காமல் மறுபடி ஓட்டினால் அதே கோட்டின்மேல் கத்தி போகும். வெளியே எடுத்து மறுபடி செருகினால் அந்தத் துல்லியம் கிடைக்காது.

மூலைகள் கிழிகின்றன, விளிம்பு பஞ்சு போல் பிசிறுகிறது

வீட்டு இயந்திரங்களில் உள்ள சாதாரணக் கத்தி தானாகத் திரும்பும் மோட்டார் உடையது அன்று. அதன் முனை, சுழலும் அச்சுக்குச் சற்றே விலகி அமைந்திருக்கும். தள்ளுவண்டியின் முன்சக்கரம் நாம் தள்ளும் திசைக்குத் தானே திரும்பிக்கொள்வதைப் போல, கத்தி இழுக்கப்படும் திசைக்குத் தானே திரும்பும். கூட்டுக்குள் நார் அடைத்துக்கொண்டால் இந்தச் சுழற்சி தடைப்படும். அப்போது நேர்க்கோடுகள் சரியாக வரும், மூலைகளில் மட்டும் தாள் கிழியும் அல்லது மூலை மழுங்கி வளையும். நட்சத்திரத்தின் முனைகள் மட்டும் கெட்டு, பக்கங்கள் நன்றாக இருந்தால் இதுதான் காரணம். கூட்டைச் சுத்தம் செய்து, விரல் நுனியால் கத்தி தடையின்றிச் சுழல்கிறதா என்று பார்த்துவிட்டுப் பொருத்துங்கள்.

மூலைகள் மட்டுமல்லாமல் விளிம்பு முழுவதும் பிசிறினால், தாளின் ஈரத்தைப் பாருங்கள். பெங்களூருக்கு அக்டோபரிலும் நல்ல மழை உண்டு. நாம் தாள் வாங்கிச் சேர்க்கும் காலமும் அதுவே. சுவரோரம் தரையில் வைத்த தாள் ஈரத்தை இழுத்து நார் இளகிவிடும். இளகிய நாரைக் கத்தி வெட்டுவதில்லை, பிய்த்துக்கொண்டு போகிறது. அத்தகைய தாளை ஒரு பருத்தித் துணிக்கு அடியில் விரித்து, நீராவி இல்லாத இஸ்திரிப் பெட்டியை மிகக் குறைந்த சூட்டில் ஒருமுறை ஓட்டி, ஆறவிட்டு வெட்டினால் வேறுபாடு உடனே தெரியும். மீதித் தாளைப் பிளாஸ்டிக் உறையில், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு, தட்டையாக அலமாரியில் வையுங்கள். செருப்புப் பெட்டியில் வரும் பொட்டலங்களை நான் ஆண்டு முழுவதும் சேர்ப்பதைப் பார்த்து வீட்டில் சிரிக்கிறார்கள்.

கோடு தொடங்கிய இடத்தில் முடியாமல் விலகி நிற்கிறது

தாள் வெட்டும்போது நகர்ந்திருக்கிறது. பிளேடைத் தொட வேண்டாம். மேட்டின் பசை தூசியால் மூடப்பட்டிருந்தால், வெதுவெதுப்பான நீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மென்மையான தூரிகையால் வட்டமாகத் தேய்த்துக் கழுவி, துடைக்காமல் காற்றில் உலரவிட வேண்டும். துணியால் துடைத்தால் துணியின் நார் ஒட்டிக்கொண்டு, கழுவியது வீணாகும். தாளை ஒட்டிய பின் ரப்பர் உருளையால் அழுத்துங்கள். அது இல்லாதவர்கள் சப்பாத்திக் கட்டையைப் பயன்படுத்தலாம், மாவு ஒட்டாமல் இருந்தால் சரி. கூடுதல் காப்பாக நான்கு ஓரங்களிலும் மாஸ்கிங் டேப் ஒட்டலாம்.

புது மேட்டில் இதற்கு எதிரான தொல்லை உண்டு. பசை அதிகமாக இருப்பதால், வெட்டிய தொங்கலை எடுக்கும்போது தாள் சுருண்டுகொள்ளும் அல்லது அடிப்பகுதி உரிந்துவிடும். உலர்ந்த பருத்தித் துணியை மேட்டின்மேல் இரண்டு மூன்று முறை தட்டி எடுத்தால் பசை சற்று அடங்கும். எடுக்கும்போது தாளை மேட்டிலிருந்து உரிக்காமல், மேட்டைக் கவிழ்த்து மேசையில் வைத்து, மேட்டை வளைத்துத் தாளிலிருந்து உரித்தால் தாள் தட்டையாகவே இருக்கும்.

மினுமினுப்புத் தாள் வெட்டுப்படவில்லை

மினுக்குத் துகள் கத்திக்கு மணல் போன்றது. தாளைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் மேலே தெரியும்படி ஒட்டி வெட்டினால் கத்தி முதலில் தாளைச் சந்திக்கும். விளிம்பும் சுத்தமாக வரும். எழுத்தோ இடவலம் வேறுபடும் வடிவமோ இருந்தால் மென்பொருளில் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்ப மறக்கக் கூடாது. மினுக்குத் தாளுக்கென்று ஒரு பழைய பிளேடைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். அதை மறுபடி சாதாரணத் தாளுக்குப் போடாதீர்கள்.

சிக்குக் கோலம் துண்டு துண்டாக உதிர்கிறது

பனித்துளி வடிவங்கள் எல்லாக் கடைகளிலும் கிடைப்பதால், அவற்றுக்குப் பதிலாகச் சிக்குக் கோலத்தை வெட்டித் தொங்கவிடுவது எனக்குப் பிடித்த வேலை. கோடு ஒன்றையொன்று கடந்து வலை போலப் பின்னிக்கொள்வதால், கோலம் தொங்கலுக்கென்றே பிறந்த வடிவம் என்று சொல்லலாம். ஆனால் முதன்முறை வெட்டுபவர்கள் கைக்கு வருவது பெரும்பாலும் ஒரு பிடி காகிதத் துணுக்குதான்.

காரணம் இதுதான். திரையில் நாம் 3 மி.மீ. தடிமனாகக் காணும் கோடு, மென்பொருளைப் பொறுத்தவரை நடுவில் ஓடும் ஒரு மெல்லிய பாதை மட்டுமே. தடிமன் என்பது அதன்மேல் பூசிய அலங்காரம். இயந்திரம் தடிமனைப் பார்க்காமல் பாதையின்மேலேயே கத்தியை ஓட்டுகிறது. கோலத்தின் ஒவ்வொரு கட்டமும் தனித்தனியே வெட்டுப்பட்டு உதிர்கிறது. இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் கோலத்தை வரைந்து, பாத் பட்டியலில் உள்ள ‘ஸ்ட்ரோக் டு பாத்’ கட்டளையைக் கொடுத்தால் தடிமன் உண்மையான இரு விளிம்புகளாக மாறும். அதோடு நின்றுவிடக் கூடாது. கோடு தன்னைத்தானே கடக்கும் இடங்களில் விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். ‘யூனியன்’ கட்டளையால் அவற்றை ஒன்றாக்க வேண்டும். ஒன்றாக்காமல் வெட்டினால் ஒவ்வொரு சந்திப்பிலும் கத்தி குறுக்கே போய், கோலத்தை அங்கங்கே அறுத்துவிடும். முழுக்க உதிர்ந்தால் முதல் கட்டளையையும், சந்திப்புகளில் மட்டும் அறுந்தால் இரண்டாவது கட்டளையையும் மறந்திருக்கிறீர்கள்.

புள்ளிகள் தனிக் கதை. சிக்குக் கோலத்தில் புள்ளி எந்தக் கோட்டையும் தொடாமல் கட்டத்தின் நடுவே நிற்பது. காகிதத்தில் அப்படி நிற்க அதற்கு ஆதாரம் இல்லை. வடிவத்திலிருந்து புள்ளிகளை நீக்கிவிட்டு, வெட்டிய கோலத்தின் பின்புறம் டிரேசிங் தாளை ஒட்டி, அதன்மேல் சிறு முத்தோ கண்ணாடிக் கல்லோ பதிப்பதே நான் கண்ட நல்ல வழி. புள்ளியைக் கோட்டோடு இணைக்கச் சிறு பாலம் போடலாம்தான். ஆனால் பாலம் போட்ட புள்ளியைக் கோலம் தெரிந்த கண் ஒப்புக்கொள்ளாது.

அளவிலும் அடக்கம் வேண்டும். 7 செ.மீ. அகலத் தொங்கலுக்கு ஐந்து புள்ளிக் கோலம் நன்றாக அமையும். அதே அகலத்தில் ஒன்பது புள்ளி வைத்தால் புள்ளிக்குப் புள்ளி 8 மி.மீ. கூட இருக்காது, கோட்டை 2 மி.மீட்டருக்குக் கீழே மெலித்தால் மேட்டிலிருந்து எடுக்கும்போதே அறுந்துவிடும். அம்மாவின் கோல நோட்டைப் படம் பிடித்துத் தானியங்கி முறையில் கோடாக மாற்றுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அப்படி மாற்றும்போது வளைவில் நூற்றுக்கணக்கான முனைப்புள்ளிகள் உண்டாகி, கத்தி திக்கித் திக்கி ஓடி, விளிம்பு ரம்பம் போல் வரும். ‘சிம்ப்ளிஃபை’ கட்டளையை ஒன்றிரண்டு முறை கொடுத்தால் வளைவு வழுவழுப்பாகும். அதிகம் கொடுத்தால் கோலமே உருமாறிவிடும்.

தமிழ்ப் பெயர் தவறாக வெட்டுப்படுகிறது

பிள்ளைகளின் பெயரை எழுதிய தொங்கலுக்குத்தான் எங்கள் விற்பனையில் கேட்பு அதிகம். ‘ஜெசிந்தா’ என்று தட்டினால், சில வெட்டு மென்பொருள்களில் கொம்பு ஜகரத்துக்கு முன்னே வராமல் பின்னே போய் உட்காரும். சிலவற்றில் கொம்போடு புள்ளியிட்ட வட்டம் ஒன்றும் தோன்றும், இயந்திரம் அந்த வட்டத்தையும் உண்மையென்று நம்பி வெட்டிவைக்கும். தமிழ் எழுத்துகளைச் சேர்த்து வடிக்கும் ஆற்றல் அந்த மென்பொருளுக்கு இல்லை என்பதே காரணம். எழுத்துருவை மாற்றிப் பார்த்துப் பயனில்லை. இங்க்ஸ்கேப்பில் பெயரைத் தட்டி, ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்து எழுத்தை வடிவமாக்கி, எஸ்விஜி என்ற வடிவக் கோப்பாகச் சேமித்து வெட்டு மென்பொருளுக்குக் கொண்டுவந்தால் எந்த மென்பொருளும் அதைக் குலைக்க முடியாது.

எழுத்துகள் ஒன்றையொன்று தொடும்படி நெருக்கி, ‘யூனியன்’ கொடுத்தால் பெயர் ஒரே துண்டாக வரும். ஆனால் மெய்யெழுத்தின் புள்ளி தனியே நின்று உதிரும். கொக்கியால் களையெடுக்கும்போது அது குப்பையோடு போய், ‘அருண்’ ‘அருண’ ஆகிவிடும். புள்ளியைக் கீழிறக்கி எழுத்தின் தலையைத் தொடவைத்தால் துண்டு உதிராது, பார்வைக்குச் சற்று நெருடும். அதைவிட, பெயரைச் சுற்றி 4 மி.மீ. விளிம்பு விட்டு வேறு நிறத்தில் ஒரு பின்னட்டை வெட்டி, புள்ளிகளை அதன்மேல் தனியாக ஒட்டுவது எழுத்தின் அழகைக் காக்கும். வேலை கூடுதல்தான். பெயர் தப்பாக இருக்கும் தொங்கலை எந்தத் தாயும் வாங்க மாட்டார்.

கோப்பைக் கொண்டுவந்ததும் அளவு மாறியிருந்தால் பதற வேண்டாம். சில மென்பொருள்கள் ஓர் அங்குலத்துக்கு 96 புள்ளிகள் என்றும், சில 72 என்றும் கணக்கிடுகின்றன. ஆகவே 6 செ.மீ. வடிவம் 8 செ.மீ. ஆகவோ 4.5 செ.மீ. ஆகவோ வந்து நிற்கும். அகலத்தைக் கையால் திருத்தினால் போதும்.

அச்சடித்த படத்தைச் சுற்றி வெட்டும்போது கோடு விலகுகிறது

விலகல் தாள் முழுவதும் ஒரே திசையில் ஒரே அளவாக இருந்தால், இயந்திரத்தின் அளவீட்டுச் சரிபார்ப்பை மென்பொருளில் மறுபடி செய்ய வேண்டும். ஓரங்களுக்குப் போகப் போக விலகல் கூடினால், அச்சுப்பொறி படத்தைச் சுருக்கியோ பெருக்கியோ அடித்திருக்கிறது. நாம் பயன்படுத்துவது 210 × 297 மி.மீ. உள்ள ஏ4 தாள். வெளிநாட்டு மென்பொருளில் 216 × 279 மி.மீ. உள்ள லெட்டர் அளவு தேர்வாகி இருப்பது வழக்கம். மென்பொருள், அச்சுப்பொறி இரண்டிலும் ஏ4 என்று வைத்து, ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற தேர்வை நீக்கி, உண்மை அளவில் அச்சடியுங்கள்.

இடம் கண்டுகொள்வதற்காகப் படத்தோடு அச்சாகும் மூலைக் குறிகளையே இயந்திரம் படிக்க மறுத்தால், பெரும்பாலும் வெளிச்சம்தான் தடை. பளபளப்புத் தாளிலும் லேமினேட் செய்த தாளிலும் ஒளி தெறிக்கும். குறிகளின்மேல் மட்டும், எழுத்து மறையாத மங்கலான ஒளிபுகும் டேப் ஒட்டினால் தெறிப்பு அடங்கும். ஜன்னல் பக்கத்து வெயில் நேராக விழும் இடத்திலிருந்து இயந்திரத்தைத் திருப்பி வைத்தாலே பல நேரம் சரியாகிவிடும்.

வைனில் எழுத்து உருண்டையில் சுருங்குகிறது, மறுநாள் உரிகிறது

இரண்டும் வெவ்வேறு நோய்கள். சுருக்கம் வடிவியலால் வருவது: தட்டையான தாளை உருண்டைமேல் சுருக்கமின்றிப் போர்த்த எவராலும் முடியாது. 8 செ.மீ. உருண்டையில் வடிவத்தை 3 செ.மீட்டருக்குள் அடக்குங்கள், நீண்ட பெயரை ஒரே பட்டையாக ஒட்டாமல் எழுத்தெழுத்தாக ஒட்டுங்கள். வெட்டிய எழுத்தை எடுத்து இடம் மாற்ற உதவும் டிரான்ஸ்பர் டேப்பின் ஓரங்களில் சூரியக் கதிர் போலக் கத்தரிக்கோலால் வெட்டுகள் போட்டு, நடுவை முதலில் அழுத்தி, வெளிப்புறம் நோக்கிக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டு போக வேண்டும்.

மறுநாள் உரிவது பரப்பின் எண்ணெய்ப் பசையால். பிளாஸ்டிக் உருண்டையிலும் கண்ணாடி உருண்டையிலும் கைரேகை, அச்சின் எண்ணெய் எல்லாம் இருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடைத்து, உலர்ந்த பின் ஒட்டுங்கள். வீட்டில் மிஞ்சிய கை சானிடைசர் வேண்டாம். அதில் கைக்காகச் சேர்த்த கிளிசரின் ஒரு படலமாகத் தங்கிவிடும். டிரான்ஸ்பர் டேப்பை மேலே தூக்காமல், பின்னோக்கி மடித்துப் பரப்பை ஒட்டியே இழுத்தால் எழுத்து உருண்டையிலேயே நிற்கும்.

ஃபெல்ட், சூட்டு வைனில், கிரே போர்டு

கம்பளி போன்ற துணியான ஃபெல்ட்டைச் சாதாரணக் கத்தி இழுத்துச் சுருட்டினால், பின்புறம் ஒட்டும் கஞ்சித் துணியை இஸ்திரி போட்டு ஒட்டிவிட்டு வெட்டுங்கள். இஸ்திரிச் சூட்டில் துணியோடு ஒட்டும் சூட்டு வைனிலில் எழுத்து இடவலம் மாறி வந்தால் கண்ணாடிப் பிம்பத்தை மறந்திருக்கிறீர்கள். பளபளப்பான பிளாஸ்டிக் பக்கம் மேட்டைப் பார்த்திருக்க வேண்டும். இந்த வைனிலை ஒட்டும்போது, கடைகளில் கிடைக்கும் மலிவான ஃபெல்ட் பெரும்பாலும் செயற்கை இழை என்பதால் முழுச் சூட்டில் உருகும். பட்டர் பேப்பர் மேலே வைத்து, சூட்டைக் குறைத்து, சிறிது சிறிதாக அழுத்துங்கள்.

தடித்த சாம்பல் நிற அட்டையான கிரே போர்டை வெட்ட முடியவில்லை என்பது பல நேரம் பிழையே அன்று, இயந்திரத்தின் எல்லை. கிரிக்கட் நிறுவன இயந்திரங்களில் எக்ஸ்ப்ளோர் வகையின் அழுத்தம் ஏறத்தாழ 400 கிராம். மேக்கர் வகையின் அழுத்தம் 4 கிலோ. 2 மி.மீ. அட்டையை அதற்கெனத் தனிக் கத்தி பொருத்திய மேக்கர் பல முறை ஓடி வெட்டும், மற்றதால் இயலாது. மூன்று கார்டு தாள்களை ஒரே வடிவில் வெட்டி ஒன்றன்மேல் ஒன்று ஒட்டினால், அட்டைக்கு நிகரான உறுதியும் அதைவிடச் சுத்தமான விளிம்பும் கிடைக்கும். நான் கிரே போர்டை விட்டுப் பல நாளாகிறது.

மடிப்பில் தாள் வெடித்து வெள்ளை தெரிகிறது

முப்பரிமாண நட்சத்திரத்திலும் பட்டைகளால் கட்டும் உருண்டையிலும் வரும் தொல்லை இது. தாளின் நார் ஒரு திசையில் ஓடுகிறது. தாளை இருபுறமும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ, அந்த வளைவின் மடிப்புக்கோட்டுக்கு இணையாக நார் ஓடுகிறது. மடிப்புக்கோடு நாரோடு போனால் வெடிக்காது. உருண்டைக்கான பட்டையில் நார் பட்டையின் அகலவாக்கில் இருந்தால் பட்டை சீராக வளையும். மடிக்கும் முன் கோடு கீறும் முனையால் பள்ளம் போட்டுக்கொள்வது அவசியம். உள்ளே வெள்ளையாகவும் மேலே நிறமாகவும் உள்ள தாளைத் தவிர்த்து, உட்புறமும் நிறமுள்ள தாளை வாங்குங்கள். ஓரத்தைச் சற்றே கிழித்துப் பார்த்தால் கடையிலேயே தெரிந்துவிடும்.

கடையில் 20 × 30 அங்குல முழுத் தாளாக வாங்குபவர்கள், 12 அங்குல மேட்டுக்கு ஏற்ப 12 × 12 ஆக வெட்டச் சொன்னால் இரண்டு துண்டுகளே தேறும். 10 × 10 ஆக வெட்டச் சொன்னால் ஆறு துண்டுகள் வரும், ஓர் அங்குலமும் வீணாகாது. ஆனால் சதுரமாகிவிட்ட பின் நார் எந்தப் பக்கம் என்று தெரியாது. வெட்டுவதற்கு முன் முழுத் தாளின் பின்புறம் நார் ஓடும் திசையில் பென்சில் கோடுகள் இழுத்துக் கொடுத்துவிடுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும்.

தொங்கல் சாய்ந்து நிற்கிறது, சில நாளில் வளைகிறது

சாய்வுக்குத் துளையின் இடம் காரணம். வடிவத்தின் எடை மையத்துக்கு நேர் மேலே துளை இருக்க வேண்டும். வால் நட்சத்திரம், தேவதை போன்ற சமச்சீரற்ற வடிவங்களில் அது கண்ணளவில் அமையாது. சாதாரணத் தாளில் துளையின்றி ஒன்றை வெட்டி, மேல் விளிம்பில் குண்டூசியால் இடம் மாற்றி மாற்றிக் குத்தித் தொங்கவிட்டு, நேராக நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு வடிவத்தில் துளையைச் சேருங்கள். விளிம்புக்கும் துளைக்கும் இடையே 3 மி.மீட்டராவது விடுங்கள்.

வளைவதற்கு ஈரமும் பசையும் காரணம். வெள்ளைப் பசையில் உள்ள நீர் ஒரு பக்கத் தாளை மட்டும் விரியச் செய்கிறது. பசையை மெல்லியதாகத் தடவி, இரு அடுக்குகளின் நாரும் ஒரே திசையில் இருக்கும்படி ஒட்டி, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வைத்தால் தட்டையாக இறுகும். வரவேற்பறை மரத்தில் தொங்குபவற்றுக்கு இது போதும். வாசலில் நட்சத்திர விளக்கைச் சுற்றித் தொங்கவிடுபவற்றுக்கு டிசம்பர் விடியற்காலைப் பனி படும் என்பதால், இருபுறமும் நிறமற்ற அக்ரிலிக் வார்னிஷை இரண்டு மெல்லிய பூச்சாகத் தெளித்து, விளிம்புகளிலும் படும்படி திருப்பித் திருப்பி உலரவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் தெளித்தால், தெளிக்காத பக்கம் ஈரத்தை இழுத்து விரிந்து, தொங்கல் முன்பைவிட வேகமாக வளையும். தெளிப்பதை மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு மேசையில் வேண்டாம்.